பீட்ஸா மாவும் நம்ம ஊர் வெயிலும்

வீட்டில் பீட்ஸா செய்து பார்த்துவிட்டுக் குறைப்படுகிற பெண்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். "கல்லு மாதிரி ஆயிடுச்சு, பிள்ளைங்களாலே கடிக்கவே முடியலை" என்பவர்கள் ஒரு வகை. "பொங்கி வழிஞ்சு, பிசுபிசுன்னு ஒட்டி, கள்ளு வாசனை அடிக்குது" என்பவர்கள் இன்னொரு வகை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்துப் பெண்களிடமிருந்து என் காதில் அதிகம் விழுவது இந்த இரண்டாவது புகார்தான். அதுவும் பங்குனி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

பாவம், அவர்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. குறிப்பில்தான் கோளாறு. "அரைக் கிலோ மாவுக்கு ஒரு பாக்கெட் ஈஸ்ட், அதாவது 7 கிராம். வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, வெப்பமான இடத்தில் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்" என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் சமையலறையில் 18 அல்லது 20 டிகிரி இருந்திருக்கும். மாவை வைக்க அவர் வெப்பமான இடத்தைத் தேடியாக வேண்டும். நமக்கு அந்தத் தேடல் எதற்கு? அக்னி நட்சத்திரத்தில் நம் சமையலறையே 35 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கிறது. அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் ஒரு மணி நேரம் வேண்டாம், முக்கால் மணியிலேயே மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.

இந்தப் பீட்ஸா ஆசை நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? தொலைக்காட்சியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. 1984ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்த ஊரை நாம் பக்கத்தில் வைத்துக் கொண்டிருக்கிறோம். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்க்க எத்தனையோ தேசத்தவர்கள் வந்து தங்குகிறார்கள். அவர்களுக்காகவே ஒத்தவாடைத் தெருவில் உள்ள சின்னச் சின்ன உணவகங்களில் மீன் வறுவலுக்குப் பக்கத்திலேயே பீட்ஸாவும் விலைப்பட்டியலில் ஏறிவிட்டது. 2022ல் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது ஊரே உலகமாக இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஆரோவில்லில் விறகு அடுப்பிலேயே பீட்ஸா சுடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு அழைத்துப் போன பிள்ளை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கும்" என்று கையைப் பிடித்து இழுக்காதா?

நான்கு பேர் கொண்ட குடும்பம் உட்கார்ந்து எழுந்தால் ஆயிரம் ரூபாய் கரைந்துவிடும். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளையின் வயிற்றுக்குள் எவ்வளவு உப்பு, எவ்வளவு மைதா போகிறது என்பது நம் கையில் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய விசாரம். வீட்டில் செய்தால் இரண்டும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆகவே மாவை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு விடுவோம். மேலே என்ன தூவுவது என்பதெல்லாம் அப்புறம்.

இட்லி மாவு தெரிந்தவளுக்கு இது தெரியாதா?

வெளிநாட்டுப் பெண்ணுக்கு மாவு புளிப்பது புது அனுபவமாக இருக்கலாம். நமக்கு அது அன்றாடம். மார்கழியில் இட்லி மாவு பொங்க மாட்டேன் என்று அடம் பிடிப்பதும், சித்திரையில் நாலே மணி நேரத்தில் பொங்கிவிடுவதும் நமக்குப் புதிதா என்ன? வெயில் காலத்தில் மாவை இருட்டிய பிறகு அரைப்பது, உடனே ஃப்ரிட்ஜில் தள்ளுவது, பனிக்காலத்தில் அடுப்படியில் வைப்பது... இந்தச் சாமர்த்தியம் எல்லாம் பீட்ஸா மாவுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் 'பீட்ஸா' என்ற பெயரைக் கேட்டதும் நம் அனுபவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, புத்தகத்தையும் கடிகாரத்தையும் பார்க்கிறோம்.

இரண்டுக்கும் உள்ளே நடக்கும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் 'லியூகோனாஸ்டாக்' என்ற பாக்டீரியா. பீட்ஸா மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் அது வெளியிடுகிறது. அளவுக்கு மீறிப் புளித்த மாவில் கள் வாசனை வருவது இதனால்தான். சொல்லப் போனால், பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் நுரைக்க வைப்பதும் இதே ஈஸ்ட்தான். கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்ப மாவில் கள் ஊற்றிப் புளிக்க வைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே ஈஸ்ட் ஏதோ கப்பலில் வந்திறங்கிய சாமான் என்று மாமியார்கள் முகம் சுளிக்க வேண்டாம்!

வித்தியாசம் ஒன்றே ஒன்று. உண்டாகிற வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே! இட்லி மாவில் அந்த வேலையைச் செய்வது உளுந்தின் வழவழப்பு. பீட்ஸா மாவில் அது 'குளுட்டன்' என்கிற கோதுமைப் புரதம். மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய அது ரப்பர் போல இழுபடும் ஜவ்வாகிறது. காஞ்சிபுரம் குடலை இட்லிக்கு உளுந்தின் பதம் எப்படியோ, பீட்ஸாவுக்குப் பிசைகிற பதம் அப்படி. உளுந்து சரியில்லை என்றால் இட்லி கல். பிசைவது போதவில்லை என்றால் பீட்ஸா கல். முதலில் சொன்னேனே, 'கடிக்க முடியலை' என்கிற கட்சி, அவர்கள் பெரும்பாலும் சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி இரண்டு நிமிஷம் பிசைந்து நிறுத்திவிடுகிறவர்கள். பரோட்டாக் கடையில் மாஸ்டர் மைதாவை அடித்துத் துவைத்துப் பிசைகிறாரே, அதைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள்.

என்னென்ன, எவ்வளவு?

மைதா 300 கிராம். (ஆழாக்கில் அளந்தால் தலைதட்டி மூன்று ஆழாக்கு சுமாராக வரும்.) தண்ணீர் 180 மில்லி, அதாவது ஒரு ஆழாக்கும் ஒரு மேஜைக்கரண்டியும். உப்பு முக்கால் டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி. ஆலிவ் எண்ணெய்தான் வேண்டுமென்று யாரும் சட்டம் போடவில்லை. கடலை எண்ணெயே போதும்.

ஈஸ்ட்? இங்கேதான் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். 'இன்ஸ்டன்ட்' என்று போட்ட பொடி ஈஸ்ட் என்றால் மாசி முதல் புரட்டாசி வரை கால் டீஸ்பூன். கார்த்திகை, மார்கழியில் அரை டீஸ்பூன். அவ்வளவுதான்! "இத்தனூண்டு போட்டா எப்படி உப்பும்?" என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பார்கள். ஈஸ்ட் உயிருள்ளது. வெயிலில் தானே பெருகும். நிறையப் போட்டால் சீக்கிரம் உப்பும், வாஸ்தவம்தான். ஆனால் ஜவ்வு பதப்படுவதற்குள், ருசி ஊறுவதற்குள் பொங்கிச் சரிந்து போகும்.

இன்ஸ்டன்ட் ஈஸ்டை நேராக மாவிலேயே கலந்துவிடலாம். குருணை குருணையாக இருக்கும் மற்றொரு ரகத்தை மட்டும், கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு பத்து நிமிஷம் ஊற வைத்து நுரைத்த பிறகு சேர்க்க வேண்டும். (இந்தத் தண்ணீரை மொத்த அளவில் கழித்துக் கொள்ளுங்கள்.) பாக்கெட்டைப் பிரித்து நாளாகிவிட்டது, உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் இதே சோதனைதான். நுரைக்கவில்லையா, தயங்காமல் கொட்டிவிடுங்கள். கடலோரக் காற்றின் ஈரத்தில், பிரித்த பாக்கெட் சீக்கிரமே செத்துப் போகிறது. காற்றுப் புகாத சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது உத்தமம்.

வெதுவெதுப்பான தண்ணீர் என்ற சொல்லை மற்றபடி மறந்துவிடுங்கள். வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீர்தான் சரி. ஐஸ் தண்ணீரும் வேண்டாம். அது ஈஸ்டை ஒரேயடியாக முடக்கிப் போடும்.

தண்ணீரை மொத்தமாகக் கொட்டாமல் இரண்டு ஸ்பூன் நிறுத்தி வையுங்கள். மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில், அதுவும் ஐப்பசி மழையில், மைதா காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கிக்கொண்டிருக்கும். அதே கடையில் வாங்கிய அதே மாவு செங்கல்பட்டில் முழுத் தண்ணீரையும் குடித்துவிடும்.

முதலில் எண்ணெய் இல்லாமல் எல்லாவற்றையும் கலந்து, கரண்டியால் கிளறிப் பதினைந்து நிமிஷம் மூடி வைத்துவிடுங்கள். மாவு தானே தண்ணீரை உறிஞ்சிப் பாதி வேலையைச் செய்துவிடும். பிறகு எண்ணெய் விட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முன்னே தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி... எட்டிலிருந்து பத்து நிமிஷம். முதலில் கையில் ஒட்டும். பயந்துகொண்டு மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள். அதுதான் கல்லாவதற்குச் சுருக்கு வழி. கையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக் கொண்டால் போதும். கடைசியில் நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கையாலும் மெதுவாக விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ஜவ்வாக விரிந்தால் பதம் வந்துவிட்டது.

கடிகாரம் வேண்டாம், மாவைப் பாருங்கள்

இனி உப்ப வைப்பது. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். மாவு இரண்டு மடங்காக வேண்டும், அதுதான் கணக்கு. மே மாதத்தில் மேலே சொன்ன ஈஸ்ட் அளவுக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகிவிடும். மார்கழிக் காலையில் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். விரலை மாவில் தொட்டு ஈரமில்லாமல் அமுக்கிப் பாருங்கள். குழி சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, பாதி எழும்பினால் தயார். எழும்பவே இல்லை, மாவு சுருங்கி உட்காருகிறது என்றால் நேரம் கடந்துவிட்டது.

நம் பக்கத்திலேயே முப்பது கிலோமீட்டருக்குள் எத்தனை வித்தியாசம் பாருங்கள்! பகல் ஏற ஏறக் கடற்காற்று முதலில் கரையோரத்தில் வீசிச் சூட்டைத் தணிக்கிறது. செங்கல்பட்டை அது எட்டுவதற்கு நேரமாகிறது. அதுவரை கோலவாய் ஏரிப் பக்கத்து வீடுகள்கூடத் தகிக்கும். ஆகவே ஒரே நாளில், ஒரே அளவில் பிசைந்த மாவு அக்காள் வீட்டில் ஒரு விதமாகவும் தங்கை வீட்டில் ஒரு விதமாகவும் நடந்து கொள்ளும்.

ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் மாவுப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து ஈரத்துணியால் சுற்றலாம். ஈரம் உலர உலரச் சூடு குறையும். இந்த உபாயம் உள்ளூர்ப் பக்கம் காற்று வறண்டிருக்கும்போது நன்றாகப் பலிக்கும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் துணி லேசில் உலராது, பலனும் குறைவு. அங்கே இருப்பவர்கள் சாயங்காலம் பிசைவதுதான் நல்லது.

ஃப்ரிட்ஜ் உள்ளவர்களுக்கு நான் சொல்வது ஒரே வழிதான். முதல் நாள் ராத்திரி பிசையுங்கள். கால் மணி நேரம் வெளியே வைத்து, மூன்று உருண்டைகளாக உருட்டி, எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். குளிரில் ஈஸ்ட் ஆமை வேகத்தில் வேலை செய்யும். அதற்குள் ஜவ்வு தளர்ந்து இழுக்க வசதியாகும், ருசியும் கூடும். கடைப் பீட்ஸாவில் வருகிற அந்த மணம் இந்த நிதானத்தில்தான் வருகிறது. எடுத்த பிறகு வெயில் காலத்தில் முக்கால் மணி நேரம் வெளியே இருந்தால் போதும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவதற்குள் மாவு தயாராக இருக்குமே!

2020 ஊரடங்கில் ஈஸ்ட் கிடைக்காமல் தயிரும் ஆப்பசோடாவும் போட்டுப் பலர் சமாளித்தார்கள். அவசரத்துக்குத் தவறில்லை. ஆனால் அது நான் மாதிரி ஒன்றைத் தருமே தவிர, இந்த மெத்தென்ற இழுவை அதில் வராது.

சுடுவது

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் பீட்ஸா சுடுவதையே ஒரு கலையாகப் போற்றி, 2017ல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே விறகு அடுப்பின் சூடு 430 டிகிரிக்கு மேல். ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடும். நம் வீட்டு மின்சார அடுப்பு 250ஐத் தாண்டாது. அதனால்தான் நம் மாவில் கொஞ்சம் சர்க்கரையும் எண்ணெயும் சேர்க்கிறோம், நிறமும் மென்மையும் வருவதற்கு. அந்த அடுப்பு இருந்தால் முழுச் சூட்டில் இருபது நிமிஷம் காய வைத்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் சுடுங்கள்.

இல்லாதவர்களுக்கு இரும்புத் தோசைக்கல் இருக்கவே இருக்கிறது. உருண்டையைப் பூரிக்கட்டையால் அழுத்தித் தேய்க்காமல், எண்ணெய் தொட்ட விரல்களால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி எட்டு அங்குல வட்டமாக்குங்கள். கட்டையைப் போட்டால் உள்ளே சிரமப்பட்டுச் சேர்த்த காற்றெல்லாம் போய்விடும். மிதமாகக் காய்ந்த கல்லில் போட்டு மூடி, இரண்டு நிமிஷத்தில் கொப்புளம் கிளம்பியதும் திருப்புங்கள். வெந்த பக்கம் இப்போது மேலே இருக்கும். அதன்மேல் தக்காளி விழுது, துருவிய சீஸ், காய்கறி எல்லாம் பரப்பி, தீயைச் சிம்மில் வைத்து மூடுங்கள். ஐந்து நிமிஷம். தக்காளியை முன்பே நன்றாகச் சுருள வதக்கியிருக்க வேண்டும். நாட்டுத் தக்காளியின் தண்ணீர் மாவைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். கொக்கிலமேட்டு மீன்கார அம்மாவிடம் வாங்கிய இறால் போட ஆசையென்றால், அதைத் தனியாக முழுக்க வேகவைத்து வதக்கிய பிறகே தூவுங்கள். தோசைக்கல்லில் மேல்பக்கத்துக்குக் கிடைக்கும் சூடு பச்சை இறாலை வேகவைக்கப் போதாது.

சிலர் பிரஷர் குக்கரில் தண்ணீரில்லாமல் வைத்துச் சுடுகிறார்கள். தண்ணீர் இல்லாமல் குக்கரைக் காய வைப்பது அதன் ஆயுளுக்கு நல்லதில்லை. நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒட்டாத பூச்சுள்ள கல்லையும் வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பூச்சிலிருந்து கெட்ட புகை கிளம்பும்.

பிள்ளைகளின் தட்டில்

மைதா என்றாலே விஷம் என்று கைபேசியில் வரும் செய்திகளைப் படித்துவிட்டு இளம் தாய்மார்கள் கலங்குகிறார்கள். மாவை வெளுக்கும்போது சேர்கிற 'அலாக்ஸான்' சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்பது அதில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் பிராணிகளுக்கு அதை ஊசியாகப் போட்டு நோயை உண்டாக்குவது உண்மை. மைதா சாப்பிட்ட மனிதருக்கு அதனால் வந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மைதாவின் உண்மையான குறை வேறு. 100 கிராம் முழுக் கோதுமை மாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்க, மைதாவில் மூன்று கிராம்கூட இல்லை. தவிடு போய்விட்டதால் சீக்கிரம் ஜீரணமாகி ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். பிள்ளைக்கு மறுபடி பசிக்கும்.

ஆகவே 200 கிராம் மைதாவோடு 100 கிராம் கோதுமை மாவு கலவுங்கள். தண்ணீர் ஒன்றிரண்டு ஸ்பூன் கூடுதலாகக் கேட்கும். முழுவதும் கோதுமை மாவிலேயே செய்தால் என்ன? புரதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஆனால் தவிட்டுத் துணுக்குகள் ஜவ்வை அறுத்துவிடும்; கனமாக இருக்கும். பாதிக்குப் பாதி வரை போகலாம், பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

உப்பில் கவனம் தேவை. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மேலே சொன்ன அளவில் ஒரு வட்டத்தின் மாவிலேயே ஒன்றரை கிராம் உப்பு இருக்கிறது. சீஸில் இருப்பது தனிக் கணக்கு. தக்காளி விழுதில் உப்பே போடாதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ருசி பார்க்கக்கூட வேண்டாம்.

இன்னொன்று. நாம் பிசையும்போது வாண்டுகள் வந்து ஒரு உருண்டை கேட்பார்கள். விளையாடக் கொடுங்கள், ஆனால் வாயில் போடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். பச்சை மாவில் நோய்க் கிருமிகள் இருக்க இடமுண்டு. விளையாடி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

மூன்றாவது உருண்டை மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் புளிப்பு ஏறியிருந்தால், சின்னச் சின்னதாகக் கிள்ளி, பூண்டும் கொத்தமல்லியும் வெண்ணெயில் வதக்கிப் புரட்டி, தோசைக்கல்லில் மூடிச் சுட்டால் காப்பிக்கு நல்ல துணை. கடலோர வீடுகளில் இரும்புக்கல் ஒரே ராத்திரியில் துருப் பிடிக்கும். வேலை முடிந்ததும் கழுவி, அடுப்பிலேயே காய வைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து மாட்டிவிடுங்கள்.